பொருளாதாரக் கோட்பாட்டாளர் ஆவது எப்படி? மலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். நான் கணக்கு படித்து, அதிலிருந்து பொருளாதாரத்துக்குத் தாவி, இப்போது கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரக் கோட்பாடு நடத்துகிறேன். லீவுக்கு ஊருக்கு வந்தால் கல்யாண வீட்டில், மேட்டுப்பாளையம் பஸ்ஸில், நூலகத் திண்ணையில் என்று எங்கே போனாலும் அதே பதினைந்து கேள்விகள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதற்குப் பதில் ஒரே முறை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

எகனாமிக் தியரிஸ்ட்னா என்ன வேலைங்க? பேங்க்ல இருப்பாங்களா, பட்ஜெட் போடுவாங்களா?

இரண்டும் இல்லை. பட்ஜெட் அன்று டி.வி.யில் பேசுகிறவர்கள் வேறு ஆட்கள். வாங்கும்போது, விற்கும்போது, ஏலம் கேட்கும்போது, ஓட்டுப் போடும்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று ஒரு சின்ன மாதிரி உலகத்தைத் தாளில் கட்டி, அதற்குள் என்ன நடந்தே தீரும் என்று நிரூபிப்பது கோட்பாட்டாளரின் வேலை. தேற்றம், நிரூபணம் என்று பள்ளிக்கூட ஜியாமெட்ரியில் வந்த அதே சொற்கள்தான் இங்கேயும்.

சம்பளம் தருவது பெரும்பாலும் பல்கலைக்கழகம். வாரத்தில் சில மணி நேரம் வகுப்பு, மீதி நேரம் பேப்பரும் பென்சிலும். பொருளாதாரத்தில் புள்ளிவிவரங்களை வைத்து ஆராய்கிறவர்கள்தான் இன்று பெரும்பான்மை. கோட்பாட்டாளர்கள் சின்னக் கூட்டம். வேலை கிடைக்குமா என்ற கேள்வி வரும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலையும் புரியல, வாலும் புரியல. நம்ம ஊரு உதாரணம் ஒண்ணு சொல்லுங்க.

பச்சைத் தேயிலையையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து மட்டும் பறிக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் கத்தரி வைத்து முற்றின இலை, தண்டு எல்லாம் சேர்த்து வெட்டுகிறார். இரண்டும் ஒரே வண்டியில், ஒரே விலைக்கு ஃபேக்டரிக்குப் போனால் என்ன ஆகும்? கொழுந்து பறிக்கிறவருக்குக் கூலி கூடுதல், எடை குறைவு. நாலு மாதம் பார்ப்பார், அப்புறம் அவரும் கத்தரியை எடுப்பார். வரும் இலையின் தரம் இறங்கும். இறங்கின தரத்துக்கு ஃபேக்டரி விலையை இறக்கும். அந்த விலையில் மிச்சமிருந்த நல்ல இலைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு காரணமே நல்ல சரக்கைச் சந்தையை விட்டு விரட்டிவிடுகிறது.

இலைக் கதை நான் சொல்வது. உள்ளே இருக்கும் தர்க்கம் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து 13 பக்கத்தில் எழுதியது. அமெரிக்காவில் வெளியே பளபளவென்று இருக்கும் ஓட்டைக் காரை எலுமிச்சை என்பார்கள், கட்டுரையின் தலைப்பிலேயே அது இருக்கிறது. அச்சில் வருவதற்கு முன் 1967-68ல் ஒரு வருடம் அவர் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தார். நம் ஊர் வட்டிக்காரர்களும் அந்தக் கட்டுரையில் வருகிறார்கள். 2001ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காருக்கும் வட்டிக்கும் காப்பீட்டுக்கும் தேயிலைக்கும் ஒரே பதில் பொருந்துகிறது பாருங்கள், இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ப்ளஸ் டூல கணக்கே இல்லாத குரூப் எடுத்துட்டேன். நான் ஆகலாமா அண்ணா?

கஷ்டம். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வீட்டுக்கு வாசல் கணக்குதான். நல்ல முதுகலைப் படிப்புகளின் நுழைவுத் தேர்வில் வகையீடு, தொகையீடு, அணிகள், நிகழ்தகவு எல்லாம் வரும். வணிகக் கணிதம் எடுத்திருந்தால் பாதி தூரம் வந்தாயிற்று. அதுவும் இல்லையென்றால் கல்லூரி மூன்று வருடத்தில் தனியாக உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படித்தாக வேண்டும். சில இடங்களில் ப்ளஸ் டூவில் கணக்கு கட்டாயம் என்றே விதி இருக்கும், அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை இப்போதே சொல்லிவையுங்கள். இந்த மலையில் மூளைக்குப் பஞ்சமே இல்லை. சேதி இரண்டு வருடம் தாமதமாக மேலே ஏறி வருகிறது, அதற்குள் குரூப் எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

பி.ஏ. எகனாமிக்ஸா, பி.எஸ்சி. மேத்ஸா? எது சேர்றது?

என்னைக் கேட்டால் கணிதம். பொருளாதாரத்தைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம், இருபத்தைந்து வயதுக்கு மேல் ரியல் அனாலிசிஸை, அதாவது வகையீடு, தொகையீட்டையே நிரூபணத்தோடு படிக்கும் பாடத்தை, பிடிப்பது கஷ்டம். பேர் வாங்கின நம் கோட்பாட்டாளர்கள் மூவரைப் பாருங்கள். டி. என். சீனிவாசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். அப்புறம் புள்ளியியல் பயிற்சி, 1962ல் யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதார முனைவர் பட்டம், பிறகு டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், கடைசியில் யேலிலேயே பேராசிரியர். அவினாஷ் தீட்சித் மும்பையில் படித்தது கணிதமும் இயற்பியலும். பார்த்தா தாஸ்குப்தா டெல்லியில் இயற்பியல், கேம்பிரிட்ஜில் கணிதம்.

பொருளாதாரமே சேர்வது என்றால் தப்பில்லை. ஆனால் ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு மூன்றையும் பக்கத்து வகுப்பில் உட்கார்ந்தாவது படியுங்கள். உங்கள் கல்லூரிக் கணிதத்துறை ஆசிரியர் ஒருவரைப் பிடித்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

எம்.ஏ. எங்க படிக்கணும்? ஊட்டியில இல்ல கோயம்புத்தூர்ல முடிச்சா போதாதா?

கல்லூரி ஆசிரியர் ஆகப் போதும். கோட்பாட்டாளர் ஆக, நாடு முழுக்க நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் இடங்களில் ஒன்றுக்குப் போவது நல்லது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவுசார் பொருளாதார முதுகலை இதில் முதலில் வரும். கட்டணம் இல்லை என்று சொல்லலாம், மாதம் உதவித்தொகையும் உண்டு. தேர்வில் கணிதத்துக்கு ஒரு தாள், பொருளாதாரத்துக்கு ஒரு தாள். பழைய கேள்வித்தாள்களை அவர்களே வெளியிடுகிறார்கள். அதை வருடம் வருடமாகப் போட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த கோச்சிங் கிடையாது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பையில் ரிசர்வ் வங்கி 1987ல் தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம், சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆகியவையும் நல்ல இடங்கள்.

ஒரு உள்ளூர் எச்சரிக்கை. இந்தத் தேர்வுகளில் சில மே மாதம் வரும். மே என்றால் மலர்க் கண்காட்சி, குன்னூர் ரோட்டில் வண்டி நகராது. முந்தின நாளே மலை இறங்கிவிடுங்கள். பர்லியாறு தாண்டுவதற்குள் தேர்வு ஆரம்பித்துவிட்டது என்று என்னிடம் ஒரு பெண் அழுதாள். அதற்கு நான் என்ன சொல்ல?

தமிழ் மீடியம் பையன். இங்கிலீஷ் வராதே, என்ன பண்றது?

நான் எழுதும் கட்டுரைகளில் பாதி குறியீடுதான். மீதிக்கு வேண்டிய ஆங்கிலம் சின்ன, நேரான வாக்கியங்கள். அது இரண்டு வருடத்தில் வந்துவிடும். பேச்சில் தயக்கம் இருந்தால் கரும்பலகை முன்னால் நின்று பேசிப் பழகட்டும். கையில் சாக்பீஸ் இருந்தால் தயக்கம் பாதி குறையும்.

பெரிய ஆளு சிபாரிசு இருந்தாதான் வெளிநாட்டு சீட்டு கிடைக்குமாமே?

நம்ம ஊரில் சிபாரிசு என்றால் அமைச்சர் லெட்டர் என்று அர்த்தம். இங்கே விஷயம் வேறு. முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உங்களுக்கு வகுப்பெடுத்த மூன்று ஆசிரியர்கள் தனித்தனியாக, உங்களுக்குக் காட்டாமல், ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். "நான் பாடம் நடத்தியவர்களில் இவர் எந்த இடம், எனக்கு முன்னால் உங்களிடம் அனுப்பிய இன்னாரோடு ஒப்பிட்டால் எப்படி" என்று அதில் எழுதுவார்கள். மதிப்பெண்ணைவிட இந்தக் கடிதத்துக்கு எடை அதிகம்.

சரி, அநியாயம் இல்லையா என்றால், கொஞ்சம் அநியாயம்தான். மலைக் கல்லூரி ஆசிரியர் எவ்வளவு உண்மையாக எழுதினாலும் பாஸ்டனில் அந்தக் கடிதத்தைப் படிக்கிறவருக்கு அவர் யாரென்று தெரியாது. இலைக் கதையில் பார்த்த அதே சிக்கல், இங்கே மூட்டைக்குள் இருப்பது நீங்கள். தரம் தெரியாத இடத்தில் நல்லவர் தன்னை எப்படி அடையாளம் காட்டிக்கொள்வார் என்பதுதான் ஸ்பென்ஸ் ஆராய்ந்த கேள்வி. நுழைவுத் தேர்வு வைக்கும் இடத்துக்குப் போங்கள் என்று மேலே சொன்னதற்குப் பாதிக் காரணம் படிப்பு, பாதிக் காரணம் இந்தக் கடிதம்.

பி.எச்.டி.க்கு எவ்வளவு செலவாகும்? இருக்கிற ரெண்டு ஏக்கரை விக்கணுமா?

விற்காதீர்கள். பொருளாதார முனைவர் படிப்புக்கு அமெரிக்காவின் நல்ல துறைகளில் கட்டணம் வாங்குவதில்லை, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தருவார்கள். பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கவும் தாள் திருத்தவும் வேண்டும். இந்தியாவில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் 2023லிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், மூன்றாம் வருடத்திலிருந்து 42,000. கட்டணம் கட்டித்தான் முனைவர் படிப்பு என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பம் போடும் செலவு மட்டும் கைக்காசு. ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனிக் கட்டணம் என்று பத்து இடம் போட்டால் லட்சத்தைத் தாண்டும். கட்டணத் தள்ளுபடி கேட்டு எழுதினால் சில இடங்களில் தருவார்கள். கேட்கக் கூச்சப்பட்டு நான் இரண்டு இடங்களை விட்டேன், இன்றைக்கும் வருத்தம்.

அஞ்சு வருஷம் அங்க என்னதான் பண்ணுவாங்க? லேப் கூட இல்லையே.

முதல் இரண்டு வருடம் வகுப்பும் தகுதித் தேர்வும். அதில் தேறாதவர்கள் முதுகலைப் பட்டத்தோடு வெளியே போகலாம். அது வரைக்கும் பரவாயில்லை, யாரோ கேள்வி கொடுக்கிறார்கள், நாம் பதில் எழுதுகிறோம். மூன்றாம் வருடம் திடீரென்று எல்லாம் அமைதியாகிவிடும். கேள்வியையும் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்கிறார்கள். காலையில் ஒரு தேற்றம் உண்மை என்று தோன்றும். மத்தியானம் நிரூபணத்தில் ஓட்டை தெரியும். சாயங்காலம் தேற்றமே பொய் என்று காட்டும் எதிர் உதாரணம் கிடைக்கும். அந்த எதிர் உதாரணம் ஏன் வந்தது என்று யோசித்தால் சில சமயம் நல்ல கட்டுரை பிறக்கும், பல சமயம் பிறக்காது. பக்கக் கணக்குக்கு மதிப்பு இல்லை. ஜான் நாஷ் 1950ல் பிரின்ஸ்டனில் கொடுத்த ஆய்வேடு 30 பக்கம்கூட இல்லை, 1994ல் நோபல் வாங்கித் தந்தது. அதைச் சொல்லி 30 பக்கத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

படிச்சு முடிச்சா வேலை உறுதியா?

உறுதி இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழக வேலைக்கு ஒரு சீசன் உண்டு. அக்டோபர், நவம்பரில் நூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பம், டிசம்பர், ஜனவரியில் நேர்காணல். முன்பெல்லாம் ஜனவரி மாநாட்டில் ஹோட்டல் அறைகளில் நடந்தது, இப்போது வீடியோவில். அதில் தேறினால் நேரில் கூப்பிட்டு ஒன்றரை மணி நேரம் பேசச் சொல்வார்கள். எல்லாமே உங்களின் ஒரே ஒரு கட்டுரையை வைத்து. முதல் பதிலில் சொன்ன மாதிரி கோட்பாட்டாளர்களுக்கான இடங்கள் குறைவு. பலர் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு விண்ணப்பிக்கிறார்கள், புத்திசாலித்தனம்தான். தொழில்நுட்ப நிறுவனங்களும் ஏலம், விலை நிர்ணயம் தெரிந்தவர்களை எடுக்கின்றன.

இந்தியாவில் உதவிப் பேராசிரியருக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அளவில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேர்ச்சி, இல்லையென்றால் விதிப்படி வாங்கிய முனைவர் பட்டம் வேண்டும். அறிவிப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே கௌரவ விரிவுரையாளராக வருடங்களைக் கழிப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் பக்கத்துக் கல்லூரியிலேயே கேட்டுப் பாருங்கள். இதை மறைத்து ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை.

டென்யூர் டென்யூர்னு சொல்றாங்களே, அது என்ன?

அமெரிக்க முறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஆறேழு வருடம் கழித்து உங்கள் கட்டுரைகளை வெளியாட்களுக்கு அனுப்பி மதிப்பிடச் சொல்வார்கள். தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் ஒரு வருடத்தில் வேறு இடம் பார்க்க வேண்டும். நம்ம ஊர் அரசு வேலையில் இப்படி இல்லை. சேர்ந்து, பயிற்சிக் காலம் முடிந்தால் நிரந்தரம். அதனால் நம் பக்கம் அவசரம் இல்லை, அவசரமே இல்லாததால் வரும் சோம்பலும் உண்டு.

கட்டுரை திரும்பி வந்துட்டா அவ்வளவுதானா?

திரும்பி வருவதுதான் வழக்கம். மேலே சொன்ன அக்கர்லாஃப் கட்டுரையை மூன்று பெரிய இதழ்கள் மறுத்தன. இரண்டு இதழ்கள் அற்பமான விஷயம் என்றன. மூன்றாவது, இது சரியென்றால் பொருளாதாரமே வேறு மாதிரி இருக்க வேண்டுமே என்றது. நாலாவது இடத்தில்தான் வெளியானது.

என் கட்டுரை ஒன்று ஓர் இதழில் பதினான்கு மாதம் கிடந்து நாலு வரிப் பதிலோடு வந்தது. அன்று சாயங்காலம் கொடநாடு காட்சிமுனைக்குப் போய் உட்கார்ந்தேன், மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை, திரும்பி வந்து அடுத்த இதழுக்கு அனுப்பினேன். ஒரு கட்டுரை அச்சாக நாலைந்து வருடம் ஆவது இங்கே சாதாரணம். அதற்குப் பயந்து, காசு வாங்கிக்கொண்டு பத்து நாளில் போட்டுத் தரும் இதழ்களுக்குப் போகாதீர்கள். உங்கள் கட்டுரைப் பட்டியலில் அந்த இதழ்களைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர்கள் மற்ற கட்டுரைகளையும் படிக்காமல் மூடிவிடுவார்கள்.

பொம்பளப் புள்ளைங்க. முடிக்கிறதுக்குள்ள முப்பது ஆயிடுமே?

ஆகும். முதுகலை முடிக்க 23, முனைவர் பட்டம் முடிக்க 29 என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கும் அதே வயதுதான், அவனைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டதில் ஒரு நிஜம் இருக்கிறது. டென்யூர் கடிகாரமும் பிள்ளை பெறும் வயதும் ஒன்றாக ஓடுகின்றன. இப்போது பல இடங்களில் குழந்தை பிறந்தால் ஒரு வருடம் கூட்டித் தருகிறார்கள். ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1933லேயே பெயர் வாங்கியவர், கேம்பிரிட்ஜ் அவரை முழுப் பேராசிரியர் ஆக்கியது 1965ல். அந்தக் காலம் போய்விட்டது, முழுசாகப் போகவில்லை.

இங்கயே இருந்துகிட்டு இந்த வேலையப் பார்க்க முடியாதா? பேப்பர் பென்சில்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊட்டி பக்கத்தில் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, அந்தப் பக்கம் கொடைக்கானலில் 1899ல் வந்த சூரிய ஆய்வகம் இருக்கிறது. அவர்கள் மலை ஏறினதற்குக் காரணம் உண்டு. நமக்கு மலை தடையும் இல்லை, உதவியும் இல்லை. வேண்டியது பக்கத்து அறையில் "இந்த மூன்றாவது வரி தப்பு" என்று சொல்ல ஒரு ஆள். கருத்தரங்கில் இருபது நிமிடத்தில் உடையும் ஒரு யோசனையோடு தனியாக இருந்தால் இரண்டு வருடம் குடும்பம் நடத்தலாம். நான் நடத்தியிருக்கிறேன். லீவில் எழுதலாம், வாழ்நாள் முழுக்க எழுதுவது சிரமம்.

எல்லாம் சரிங்க, நீங்க போடுற கணக்குல எங்க இலை விலை ஏறுமா?

ஏறாது. விலைக்குப் பின்னால் உலக உற்பத்தி, ஏற்றுமதி, கூலி, உரம் என்று ஆயிரம் இருக்கிறது. கோட்பாட்டாளரால் முடிகிறது விதிகளை மாற்றி யோசிப்பது. குன்னூரில் நடக்கும் தேயிலை ஏலம் மாதிரியான ஏலங்களில் எந்த விதிக்கு எந்த விளைவு என்று ஆராய்ந்த பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் 2020ல் நோபல் கிடைத்தது. அமெரிக்க அரசு 1994ல் அலைக்கற்றையை விற்ற ஏல முறையில் அவர்கள் பங்கு பெரியது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962ல் மாணவர்களையும் கல்லூரிகளையும் எப்படிப் பொருத்துவது என்று ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார்கள். நம் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை 2015 முதல் சேர்த்து ஒதுக்கும் முறைக்கு அந்த யோசனைதான் அடிப்படை. நடுவில் ஐம்பது வருடம் போயிருக்கிறது.

அப்ப தரம் பார்த்து விலை குடுத்தா உங்க எலுமிச்சைக் கதை தீர்ந்துபோச்சு. ஆனா தரம் பார்க்கிறவன் யாரு வச்ச ஆளு?

கட்டபெட்டு டீக்கடையில் ஒரு தோட்டக்காரர் கேட்டது. மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கழிப்பது எவ்வளவு என்று முடிவு பண்ணுகிறவர் ஃபேக்டரி சம்பளத்தில் இருக்கிறார். விவசாயி சங்கம் ஆள் வைத்தால் அவர் இந்தப் பக்கம் சாய்வார். மூன்றாவது ஆளை வைத்தால் இரண்டு பக்கமும் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கும்.

மூன்று பேர், இரண்டு வகை இலை, ஒரு தராசு என்று அன்று ராத்திரி எழுத ஆரம்பித்தேன். எடை போடுகிறவரை மாதாமாதம் மாற்றினால் போதும் என்று முதலில் ஒரு தேற்றம் வந்தது. போன வாரம் அதற்கு எதிர் உதாரணம் கிடைத்துவிட்டது. தோட்டக்காரரிடம் சொன்னேன். "அதான் எங்களுக்குத் தெரியுமே" என்றார்.